கார் கூரையில் ஒரு குச்சி

"ஏம்மா, உங்க காரு மேல குச்சி ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குதே, சாரு போலீஸுல இருக்காரா?"

பூக்காரம்மாவில் ஆரம்பித்து காஸ் சிலிண்டர் போடுகிற பையன் வரைக்கும், தஞ்சாவூரில் எங்கள் தெருவுக்குப் புதிதாக வருகிற யாரும் இதைக் கேட்காமல் போனதில்லை. சாருக்கு பாங்கில் உத்தியோகம். குச்சிக்கும் போலீஸுக்கும் சம்பந்தமில்லை. அது ஹாம் ரேடியோவின் ஏரியல். அதை வைத்து எங்கள் வீட்டில் நடந்த சண்டையையும், நாங்கள் பட்ட சூட்டையும், கடைசியில் அந்தக் குச்சிக்குக் கீழே உட்கார்ந்து நானே பேசும்படி ஆன கதையையும்தான் எழுதப் போகிறேன்.

ஹாம் ரேடியோ என்றதும் பாட்டுக் கேட்கிற பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பேசவும் கேட்கவுமான இருவழி வானொலி அது. மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் வாங்கியவர்கள் மட்டுமே அதில் பேசலாம். அதை வைத்துப் பணம் சம்பாதிக்கக் கூடாது. டவர் வேண்டாம், சிம் கார்டு வேண்டாம். இங்கே ஒரு செட், அங்கே ஒரு செட், நடுவே ஆகாயம். அவ்வளவுதான்.

இவருக்கு இந்தப் பைத்தியம் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே உண்டு. எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்த மூத்தாள் என்றுதான் அந்தப் பெட்டியைச் சொல்வேன். மாடியில் வடாம் காயப்போட இடமில்லாமல் கம்பியும் கம்பமும் நிற்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். 2016-இல் லோன் போட்டு ஒரு சின்ன கார் வாங்கினோம். சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கிய ஈரம்கூடக் காயவில்லை. "கூரை நடுவுல ஒரு ஓட்டை போட்டா ஏரியல் கச்சிதமா நிக்கும்" என்றாரே பார்க்கலாம்!

"ஓட்டை போடணும்னா என் தலையில போடுங்க" என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள், அடியில் காந்தம் வைத்த ஏரியல் ஒன்றை வாங்கி வந்தார். ஓட்டையே வேண்டாம், தகரக் கூரையில் வைத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். இது முதலிலேயே தெரிந்திருந்தால் இரண்டு நாள் நல்ல காப்பி குடித்திருப்பார்.

செட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மாட்டினார். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ரேடியோ தெரிந்த அளவுக்கு அவருக்கு கார் தெரியாது. எஞ்சினுக்கும் நாம் கால் வைக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு இருக்கிறது. அதில் ஏற்கனவே இருந்த ஒரு துளை வழியாக பாட்டரியிலிருந்து ஒயரை உள்ளே இழுத்து, செட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்யூஸ் போட்டு முடித்துவிட்டார். சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது என்று அவருக்கு ஒரே பெருமை.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. கும்பகோணத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் என் மாமியார், அவர் மடியில் தலை வைத்து ஒன்பது வயது மகள் தூங்குகிறாள். பாபநாசம் தாண்டியதும் எனக்கு ஏதோ கருகுகிற வாடை வந்தது. அடுப்படியில் இத்தனை வருஷம் நின்ற மூக்காயிற்றே! "என்னங்க, ரப்பர் கருகற நாத்தம் வருது" என்றேன். "வெளியில யாராவது டயர் கொளுத்துவாங்க" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, என் கால் பக்கத்திலிருந்து புகை.

வண்டியை ஓரங்கட்டியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அத்தையைக் கையைப் பிடித்து இழுத்து, வரப்புப் பக்கம் ஓடினேன். இவர் பானட்டைத் திறந்து, ஒயரை வெறுங்கையால் பிடுங்கினார். உள்ளங்கையில் ஒயர் தடம் அப்படியே பதிந்துவிட்டது. வண்டியில் இருந்த குடிதண்ணீர் பாட்டில் நான்கையும் அவர் கையில் மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தேன். எதிர்ச் சாரியில் ஒரு டீக்கடைக்காரர் பற்பசையோடு ஓடி வந்தார். நல்ல மனசுதான், ஆனால் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். சுட்ட இடத்தில் பற்பசை, மை, மாவு எதையும் பூசக் கூடாது. இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீர் ஓட வேண்டும், அப்புறம் டாக்டர். அவர் கடைத் தண்ணீரையும் தந்தார். அந்தப் புண்ணியவானை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

என்ன நடந்தது என்பது மறுநாள்தான் புரிந்தது. தகரத் துளையின் விளிம்பு கத்தி மாதிரி இருந்திருக்கிறது. வண்டி குலுங்கக் குலுங்க ஒயரின் மேல் உறை அறுந்து, உள்ளே இருந்த செம்பு தகரத்தில் பட்டுவிட்டது. "ஃப்யூஸ் போட்டிருக்கேன்னீங்களே?" என்று கேட்டேன். ஃப்யூஸ் போகவே இல்லை, முழுசாக இருந்தது!

நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து குழாய், கடைசியில் குளியலறையில் திருகு. நடுவில் குழாய் வெடித்தால் குளியலறைத் திருகை மூடி என்ன பயன்? தொட்டிக்குக் கீழேயே ஒரு வால்வு இருந்தால்தான் தண்ணீர் நிற்கும். பாட்டரிதான் தொட்டி. ஃப்யூஸ் பாட்டரியை ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். செட் பக்கத்தில் வைக்கிற ஃப்யூஸ் செட்டைக் காக்கும், நடுவழியில் இருக்கிற ஒயரைக் காக்காது. ஹாம் ரேடியோவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். காரில் பெரிய ஸ்பீக்கரோ, கூடுதல் விளக்கோ, எதை பாட்டரியிலிருந்து இழுத்துப் போட்டாலும் இதே கணக்குதான். உங்கள் வீட்டு வண்டியில் அப்படி ஏதாவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு, "இந்த வண்டியில எது மாட்டினாலும் நான் பக்கத்துல இருப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் கை கட்டோடு மறுத்துப் பேசத் தெம்பில்லை. கை ஆறியதும், அனுபவமுள்ள ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அந்த எலக்ட்ரீஷியன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "வளையலைக் கழட்டிட்டு வாங்கம்மா." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அவர் விளக்கினார். பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் வண்டித் தகரத்துக்கும் நடுவே ஒரு உலோக வளையல் பட்டால், கண் இமைப்பதற்குள் அது பழுத்துச் சிவந்து கையோடு ஒட்டிக்கொள்ளும். மோதிரமும் அப்படித்தான், ஆண்கள் கைக்கடிகாரமும் அப்படித்தான். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இன்றும் பானட் பக்கம் போகிறேன். பாட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ் பக்கம், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பானர் தவறித் தகரத்தில் பட்டாலும் பொறி பறக்காது.

"சிகரெட் லைட்டர் ஓட்டையிலேயே சொருகிக்கலாமே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்று என் அண்ணன் கேட்டான். போன் சார்ஜ் செய்ய அது போதும். எங்கள் செட் 50 வாட். பேசும் சமயத்தில் 10, 12 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் 230 வோல்ட்டில் 50 வாட் என்றால் ஒரு பல்புதானே என்று தோன்றும். காரில் இருப்பதோ 12 வோல்ட். வோல்ட் குறையக் குறைய, அதே வேலைக்கு ஆம்பியர் ஏறிவிடும். அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய ஒயர் இதைத் தாங்காது. அதனால் பாட்டரியிலிருந்தே தனியாகத் தடித்த ஒயர், ஒட்டினாற்போல் ஃப்யூஸ், தகரத் துளையில் ரப்பர் வாஷர், அதற்கு மேல் ஒயர் முழுவதும் பிளாஸ்டிக் குழாய் உறை. ரப்பர் வாஷர் என்ன விலை என்கிறீர்கள்? ஒரு கட்டு கறிவேப்பிலை விலைதான். அது இல்லாமல்தான் அன்றைக்கு அந்தப் பாடு பட்டோம்.

செட்டை எங்கே வைப்பது என்பதிலும் வாக்குவாதம். முன்னால் டாஷ்போர்டில் வைத்தால் அழகு என்றார் இவர். ஏர்பேக் விரிகிற இடத்தில் கனமான பொருள் இருந்தால், விபத்து சமயத்தில் அது நம் முகத்துக்கு வரும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதும் அடங்கினார். இப்போது பெட்டி இடது சீட்டுக்குக் கீழே, காற்றோட்டம் இருக்கும்படி, இறுக்கிப் போல்ட் போட்டு இருக்கிறது. எண் தெரிகிற முகப்பு மட்டும் தனியாகக் கழன்று கியர் பக்கத்தில் நிற்கிறது.

ஏரியலைக் கூரையின் நட்ட நடுவில் வைக்கிறோம். நாங்கள் பேசுவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசை. அதன் அலை நீளம் சுமார் இரண்டு மீட்டர். அதில் கால் பங்கு, ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் குச்சி இருந்தால் போதும், மீதியைக் கூரைத் தகரம் பார்த்துக்கொள்ளும். "இந்த அலை உடம்புக்குக் கெடுதலா?" என்று அத்தை கேட்டார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நடுக் கூரையில் வைக்கும்போது ஏரியலுக்கும் நம் தலைக்கும் நடுவே தகரம் மறைப்பாக நிற்கிறது, அதுவே பெரிய பாதுகாப்பு. பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே நின்று யாரும் குச்சியைத் தொடக் கூடாது, தொட்டால் சுடும். பேசுவதற்கு முன் குழந்தைகள் வண்டியைச் சுற்றி நிற்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். அருகில் பேச வேண்டியதற்கு 5 வாட் போதும், எடுத்த எடுப்பில் 50-க்குத் திருப்ப வேண்டியதில்லை.

அனுப்புகிற சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. அதில் 1.5-க்குக் கீழே இருந்தால் நல்லது. முதல் நாள் 2.8 காட்டியது. ஏரியல் ஒயர் பின்கதவு இடுக்கில் நசுங்கிக் கிடந்தது. கதவின் ரப்பர் விளிம்பில் பதமாக நுழைத்ததும் 1.3-க்கு இறங்கியது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் வேறு. ஒயரில் இரண்டு ஃபெரைட் வளையங்கள் மாட்டியதும் பாதி அடங்கியது. மீதி பாதியைச் சகித்துக்கொள்கிறோம். இன்னொரு தடவை செட்டை அணைக்க மறந்து இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டோம். வந்து பார்த்தால் பாட்டரி காலி, தெருவே சேர்ந்து தள்ளியது. சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

எல்லாம் சரியானதும் வேறொரு சங்கடம் முளைத்தது. இவர் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் மைக் என்று பேச ஆரம்பித்தார். எதிரே பஸ் வருகிறது, இவர் யாரோ ஒருவருக்கு சிக்னல் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறார்! போனோ மைக்கோ, ஓட்டுகிறவர் கையில் இருந்தால் ஆபத்து ஆபத்துதானே? "ஓட்டறவங்க பேசக் கூடாது, பக்கத்துல இருக்கறவங்க பேசட்டும்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"பக்கத்துல இருக்கறது நீதான். பேசணும்னா உனக்கு லைசென்ஸ் வேணுமே" என்றார் சிரித்துக்கொண்டே.

நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். பௌதிகம் என்றாலே எனக்குக் குளிர் காய்ச்சல் வரும். ஆனால் 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம், காலேஜ் படிப்பு தேவையில்லை என்று தெரிந்ததும் ரோஷம் வந்துவிட்டது. ஆரம்ப நிலைக்கு மோர்ஸ் பரீட்சையும் கிடையாது. ரேடியோ பாடமும் சட்ட விதிகளும்தான். மதியம் பாத்திரம் கவிழ்த்த பிறகு ஒரு மணி நேரம் படித்தேன். ஓம் விதியை, மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது நானும் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். 2017-இல் தேறினேன். போலீஸ் விசாரணைக்கு வந்தவர், "லைசென்ஸ் உங்களுக்கா, சாருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார். மறு வருஷம், வி.யு.3 என்று ஆரம்பிக்கிற ஒரு பெயர் எனக்கும் கிடைத்தது. இந்தப் பெயருக்குக் கால் சைன் என்று பெயர். வண்டியில் வைத்துப் பேச வேண்டிய அனுமதிக் காகிதங்களின் நகலும் டாஷ்போர்டு அறையில் தயாராக இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் போர்ட் பிளேரில் ஹாம் செட்டோடு இருந்து, தொடர்பறுந்த தீவிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி சொன்ன பாரதி பிரசாத் என்ற பெண்மணியைப் பற்றி இவர் அடிக்கடி சொல்வார். கேட்கும்போது பெருமையாக இருக்கும். நமக்கெங்கே அதெல்லாம் என்றும் தோன்றும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. என் பிறந்த வீடு ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே ஒரு கிராமம். அங்கே எண்பதை நெருங்கிய அம்மா தனியாக இருந்தாள். சர்க்கரைக்காரி, தினம் இன்சுலின். போன் போட்டால் மணி அடிக்கவே இல்லை. ஊரில் யாருக்குப் போட்டாலும் அப்படித்தான். அன்று முழுக்க நான் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். தஞ்சாவூரில் மாடியில் உயரமான ஏரியல் வைத்திருக்கும் இவருடைய நண்பர் ஒருவர், தன் செட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சாலை முழுக்கப் புளியமரம், மின்கம்பம், கம்பி. ஊர்க்காரர்கள் அரிவாளும் ரம்பமுமாக வழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பது கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. நான் சின்னப் பெண்ணாக ஏறி விளையாடிய தோப்பில் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பாதிக் கூரை ஓடு இல்லை. "வாங்க மாப்பிள்ளை" என்றாள் முதலில், அப்புறம்தான் அழுதாள். ஃபிரிட்ஜ் நின்றுபோனதும், இன்சுலின் பாட்டிலை ஒரு டப்பாவில் மூடி, ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைத்திருந்தாள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

நாங்கள் வந்த செய்தி பரவி, தெருவே கூடிவிட்டது. எல்லோருக்கும் ஒரே தவிப்புதான். திருப்பூரில், சென்னையில், சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்று ஒரு வார்த்தை போக வேண்டும். சாதாரண நாளில் ஹாம்கள் பிறத்தியாருக்காகத் தூது போவதில்லை. இயற்கைச் சீற்றத்தில் அதற்கு விதிகளிலேயே இடம் உண்டு. ஆனால் நம்பர்? எல்லாம் போனுக்குள், போனோ செத்துக் கிடக்கிறது. காரின் சார்ஜரில் ஒவ்வொன்றாகப் போட்டு உயிர் கொடுத்தோம். ஒரு பாட்டி மட்டும் விறுவிறு என்று வீட்டுக்குப் போய், சுவரில் கரியால் எழுதி வைத்திருந்த நம்பரைப் பேரனை விட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

தெருவில் சிக்னல் சரியாக இல்லை. வண்டியைப் புது ஆற்றுக் கரை மேட்டுக்குக் கொண்டுபோனோம். கடலிரைச்சலுக்கு நடுவே நண்பரின் குரல் கேட்டது. எஞ்சினை அணைக்காமல் வைத்துக்கொண்டு, என் கால் சைனைச் சொல்லி, 'மொபைல்' என்று சேர்த்து, ஒரு பெயர், ஒரு நம்பர், ஒரு வரிச் செய்தி, ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தடவை. அவர் திருப்பிச் சொல்வார். சரியென்றால் அடுத்தது. அவர் அங்கிருந்து போன் போட்டுச் சொல்லிவிட்டு, 'அழறாங்கம்மா, சந்தோஷத்துல' என்பார். முப்பத்தோரு செய்தி சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

முப்பத்திரண்டாவது, சுவர் இடிந்து இறந்துபோன ஒரு பெரியவரின் மகனுக்கு. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். எனக்கு சைக்கிள் பழக்கி விட்டவர். மைக்கை எடுத்துவிட்டு, என்னால் பேச முடியவில்லை. இவர் என்னைப் பார்த்து, "நான் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு நானே சொன்னேன். எதிர்ப்பக்கம் சிறிது நேரம் இரைச்சல் மட்டும். அப்புறம் நண்பர் நம்பரை மட்டும் திருப்பிச் சொன்னார். அரை மணி கழித்து, "கிளம்பிட்டாராம்" என்றார்.

அம்மாவை அன்றே கையோடு அழைத்து வந்துவிட்டோம். அவள் 2022 வரை எங்களோடு இருந்தாள். அந்தக் குச்சியைத் துணியால் துடைப்பதைத் தன் வேலையாக வைத்துக்கொண்டாள். காந்தத்துக்கு அடியில் தூசி இருந்தால் பெயின்ட்டில் கீறல் விழும் என்று நான்தான் ஒரு தடவை சொல்லியிருந்தேன்.

இப்போது வண்டியை மாற்றலாம் என்று இவர் சொல்கிறார். மகளுக்கு மேலே கண்ணாடி வைத்த சன்ரூஃப் கார் வேண்டுமாம். ஷோரூமில் அவர்கள் இருவரும் நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கூரையில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஒட்டவில்லை. "இது வேண்டாம், அடுத்ததைக் காட்டுங்க தம்பி" என்றேன். விற்பனைப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.